கூடுதல் கட்டடம், அதே ஐந்து செவிலியர்

அழைப்பிதழில் காலை பத்தரை மணி என்று போட்டிருந்தது. பதினொன்றரை வரைக்கும் மேடையில் ‘ஹலோ, மைக் டெஸ்டிங்’தான் ஓடிக்கொண்டிருந்தது. டெல்டாவில் ஒரு வட்டாரத் தலைமையூர் அது. அங்குள்ள அரசு மேம்படுத்தப்பட்ட ஆரம்ப சுகாதார நிலையத்தில் மகப்பேறுப் பிரிவுக்குக் கூடுதல் கட்டடம் கட்டி முடித்திருந்தார்கள். தரைத்தளத்தில் பிரசவ அறை, முதல் தளத்தில் பன்னிரண்டு கட்டில் போட்ட வார்டு. வாசலில் குலையோடு வாழைமரம், பந்தல், சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மூலையில் பெரிய டிவி. சென்னையிலிருந்து காணொலி வழியாக ஒரே மூச்சில் பல ஊர்க் கட்டடங்களைத் திறப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. அங்கே பொத்தானை அமுக்கியதும் இங்கே கைதட்டல். அப்புறம் சட்டமன்ற உறுப்பினர் குத்துவிளக்கேற்றி, கல்வெட்டின் திரையை விலக்கி, வந்தவர்களுக்கெல்லாம் லட்டு கொடுத்தார்.

அன்று செவ்வாய்க்கிழமை. ஆரம்ப சுகாதார நிலையங்களில் செவ்வாய் கர்ப்பிணிகள் நாள், புதன் தடுப்பூசி நாள். பழைய கட்டடத் தாழ்வாரத்தில் முப்பது பெண்களாவது அட்டையும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். பெஞ்சுகளைப் பந்தலுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டதால் பாதிப் பேர் தரையில். மருந்தாளுநர் மட்டும் விழாவுக்கு வரவில்லை. ஜன்னலில் சர்க்கரை மாத்திரைக்கு நின்ற வரிசையை விட்டுவிட்டு அவரால் எழுந்து வர முடியவில்லை.

எனக்கு அங்கே அழைப்பு வந்தது, அங்கு செவிலியராக இருக்கும் உறவுக்காரப் பெண் வழியாக. அவளுக்கு நான் சித்தப்பா முறை. கூட்டம் கலைந்த பிறகு மேல்தளத்தைச் சுற்றிக்காட்டினாள். கட்டில்களில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. பெயின்ட் வாசனை. எல்லாக் கட்டில் தலைமாட்டிலும் ஆக்சிஜன் குழாய்க்கான பித்தளை வாய். நன்றாகத்தான் கட்டியிருக்கிறார்கள் என்றேன். “கட்டியிருக்காங்க சித்தப்பா. ராத்திரி டூட்டியில நான் கீழ பிரசவம் பாத்துக்கிட்டிருக்கும்போது, மேல ஒரு புள்ளைக்கு ரத்தம் போக ஆரம்பிச்சா எனக்கு யாரு வந்து சொல்லுவா?” என்றாள்.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது. திறப்பு விழாச் செய்தியில் மதிப்பீட்டுத் தொகை இருக்கும், சதுர அடி இருக்கும், வந்தவர்கள் பெயர் இருக்கும். ராத்திரி ஒன்றரை மணிக்கு அங்கே எத்தனை பேர் விழித்திருப்பார்கள் என்பது இருக்காது. ஏன் இருக்காது என்பதற்கு ஒரு நீண்ட பின்கதை உண்டு.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். மத்திய அரசின் ஏடுகளில் ‘சமுதாய சுகாதார நிலையம்’ என்று ஒன்று உண்டு. சமவெளியில் 1,20,000 பேருக்கு ஒன்று, மலைப் பகுதியில் 80,000 பேருக்கு ஒன்று, 30 படுக்கை. அதற்குக் கீழே 30,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம், அதற்கும் கீழே 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம். அறுவை சிகிச்சை, பொது மருத்துவம், மகப்பேறு, குழந்தை நலம் ஆகிய நான்குக்கும் நிபுணர் இருக்க வேண்டும் என்பது சமுதாய சுகாதார நிலையத்தின் இலக்கணம். தமிழ்நாட்டில் அந்தப் பெயரைப் பலகையில் பார்ப்பது அரிது. இங்கே வட்டாரத்துக்கு ஒன்றாக இருக்கும் 30 படுக்கை மேம்படுத்தப்பட்ட ஆரம்ப சுகாதார நிலையம்தான் ஏட்டில் அந்த இடத்தில் உட்கார்கிறது. ஊர்க்காரர்களுக்கு இந்த வித்தியாசமெல்லாம் கிடையாது, எல்லாமே ‘ஜி.எச்.’தான்.

பெயர் மட்டுமல்ல, ஆளும் அமைப்பும் இங்கே வேறு. சுகாதாரத்தை மூன்று இயக்குநரகங்கள் பங்குபோட்டுக்கொள்கின்றன. ஆரம்ப சுகாதார நிலையங்கள் பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்துத் துறையின் கையில். தாலுகா மருத்துவமனையும் மாவட்டத் தலைமை மருத்துவமனையும் மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள் இயக்ககத்தின் கையில். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் மூன்றாவது இயக்ககத்தில். 1939-இலேயே பொது சுகாதாரச் சட்டம் போட்ட மாகாணம் இது. இந்தியாவில் அப்படியொரு சட்டம் அதுதான் முதல். தடுப்பூசி, குடிநீர், கொள்ளைநோய் என்று நோய் வருமுன் பார்ப்பதற்குத் தனித் துறை, தனிப் பணியாளர் அணி வைத்திருந்தது தமிழ்நாட்டுக்குப் பெரிய பலம். அதன் மறுபக்கம், நிபுணர் மருத்துவர்கள் தாலுகா, மாவட்ட மருத்துவமனைகளில் சேர்ந்துவிட, வட்டார நிலையம் பெரும்பாலும் எம்.பி.பி.எஸ். மருத்துவர்களையும் செவிலியர்களையும் நம்பியே நடக்கிறது. மற்ற மாநிலங்களில் நிலைமை மேல் என்று நினைக்க வேண்டாம். மத்திய அரசின் ஊரக சுகாதாரப் புள்ளிவிவரம், 2022 மார்ச் நிலவரப்படி நாடு முழுக்கச் சமுதாய சுகாதார நிலையங்களில் தேவைப்படும் நிபுணர்களில் கிட்டத்தட்ட 80 விழுக்காடு இல்லை என்கிறது. கட்டடம் உண்டு, பலகை உண்டு, ஐந்தில் நான்கு நாற்காலி காலி.

இது இன்று நேற்று வந்த வியாதி இல்லை. நாட்டின் சுகாதார நிலையை ஆராய 1943-இல் சர் ஜோசப் போர் (Bhore) தலைமையில் அமைக்கப்பட்ட குழு 1946-இல் அறிக்கை கொடுத்தது. நீண்டகாலத் திட்டமாக அவர்கள் கண்ட கனவில் 10,000 முதல் 20,000 பேருக்கு ஒரு ஆரம்ப நிலையம், அதில் 75 படுக்கை. 1952 அக்டோபர் 2 அன்று சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோது நடைமுறைக்கு வந்தது அந்தக் கனவின் ஒரு துண்டுதான்: வட்டாரத்துக்கு ஒரு நிலையம், சில படுக்கை, மூன்று துணை மையம். பல ஊர்களில் நிலம் உள்ளூர்ப் பெரிய மனிதர் எழுதிக்கொடுத்தது. நான் போன ஊரிலும் பழைய கட்டடத்துச் சுவரில் கறுத்துப்போன ஒரு கல் இருக்கிறது. இடம் கொடுத்தவர் பெயர் அதில் மருத்துவமனை பெயரைவிடப் பெரிய எழுத்தில்.

பத்தே ஆண்டில் மறுபரிசீலனை வந்தது. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக நெடுங்காலம் இருந்த ஆ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையிலான குழு 1962 வாக்கில் நிலைமையை அளந்து பார்த்துவிட்டு, புதிதாகத் திறந்துகொண்டே போகாதீர்கள், இருக்கிற நிலையங்களை முதலில் பலப்படுத்துங்கள் என்று சொன்னது. அவர் ஜோசப் போர் குழுவிலும் உறுப்பினராக இருந்தவர். கனவு கண்டவரே வந்து கணக்குப் பார்த்திருக்கிறார். அறுபது ஆண்டு கழித்தும் அந்த வாக்கியத்தை எந்த வட்டார மருத்துவ அலுவலர் முன்னால் வாசித்தாலும் தலையாட்டுவார்.

சரி, பலப்படுத்துவது என்றால் கட்டுவது என்று எப்படி ஆனது? இதற்கு விடை கல்வெட்டிலேயே இருக்கிறது, வாசிக்கத் தெரிந்தால். கல்வெட்டில் ‘திட்டம்’ அல்லது ‘நிதி’ என்று ஒரு வரி வரும். அடிக்கடி காண்பது நான்கு வகை: தேசிய நலவாழ்வுக் குழும நிதி, 15-ஆவது நிதிக்குழு மானியம், சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி, நாடாளுமன்ற உறுப்பினர் உள்ளூர்ப் பகுதி மேம்பாட்டு நிதி. 15-ஆவது நிதிக்குழு 2021-22 தொடங்கி ஐந்து ஆண்டுக்கு உள்ளாட்சிகள் வழியாகச் சுகாதாரத்துக்கென்று ஒதுக்கியது 70,051 கோடி ரூபாய். அதனால்தான் ஒரு சுகாதார நிலையத் திறப்பில் ஒன்றியக் குழுத் தலைவருக்கும் மேடையில் நாற்காலி போட வேண்டியிருக்கிறது. ‘வட்டார பொது சுகாதார அலகு’ என்ற புதுப் பலகையைச் சமீப ஆண்டுகளில் ஊர் ஊராகப் பார்க்கிறோமே, அதுவும் பெரும்பாலும் இந்த வாய்க்காலில் வந்த தண்ணீர்தான். சட்டமன்ற உறுப்பினர் நிதி தொகுதிக்கு ஆண்டுக்கு 3 கோடி, நாடாளுமன்ற உறுப்பினர் நிதி 5 கோடி.

இவற்றில் தொகுதி நிதிகளுக்கு ஒரு பொது விதி உண்டு: நிலைத்து நிற்கும் சொத்தாக இருக்க வேண்டும். சுவர் எழுப்பலாம், ஆழ்துளைக் கிணறு போடலாம், ஆம்புலன்ஸ் வாங்கலாம். சம்பளம் கொடுக்க முடியாது. நிதிக்குழு மானியத்திலும் பெரும்பகுதி கட்டடத்துக்கும் பரிசோதனைக் கருவிகளுக்குமே போகிறது. நலவாழ்வுக் குழுமம் ஆள் எடுக்கும், ஆனால் ஆண்டுக்காண்டு ஒப்புதல் வாங்கும் ஒப்பந்தப் பணியாக. நிரந்தரப் பணியிடம் வேண்டுமென்றால் மாநில நிதித்துறை அரசாணையில் கையெழுத்திட வேண்டும். கட்டடம் ஒருமுறைச் செலவு. செவிலியர் பணியிடம் முப்பது ஆண்டுச் செலவு. நிதித்துறையில் உட்கார்ந்திருப்பவர் கெட்டவர் இல்லை. அவருக்கு முன்னால் வரும் இரண்டு கோப்பில் எது எளிதாக நகரும் என்பதுதான் விஷயம். அதோடு, ஒரு பணியிடம் உருவாக்கியதற்கு யாரும் ரிப்பன் வெட்டுவதில்லை. சம்பளப் பட்டியலுக்குக் கல்வெட்டு வைத்து நான் பார்த்ததில்லை.

இப்போது அந்த ராத்திரிக் கணக்குக்கு வருவோம். கணக்கு சின்னதுதான், பேனா எடுத்துப் போட்டுப் பார்க்கலாம். ஒரு இடத்தில் எந்நேரமும் ஒரு செவிலியர் இருக்க வேண்டுமென்றால் நாளுக்கு மூன்று ஷிப்ட், வாரத்துக்கு 21 ஷிப்ட். ஒருவர் வார விடுப்பு போக ஆறு ஷிப்ட் பார்ப்பார். 21-ஐ ஆறால் வகுத்தால் மூன்றரை. தற்செயல் விடுப்பு, மகப்பேறு விடுப்பு, பயிற்சி, கூட்டம் எல்லாம் சேர்த்தால் ஒரு இடத்துக்கு நான்கு பேருக்கு மேல் வேண்டும். பழைய கட்டடத்தில் பிரசவ அறையும் வார்டும் ஒரே தாழ்வாரத்தின் இரண்டு முனை. நடுவில் மேசை போட்டு உட்கார்ந்தால் இரண்டும் கண்ணில் படும். யாராவது முனகினால் காதில் விழும். ஆக அங்கே இருந்தது ஒரு ‘இடம்’. ஐந்து செவிலியர் அதற்குப் போதும், கொஞ்சம் மூச்சுவிடவும் முடியும். புதுக் கட்டடத்தில் பிரசவ அறை கீழே, வார்டு மேலே. இப்போது இரண்டு இடம். 42 ஷிப்ட் வேண்டும். ஐந்து பேரால் கொடுக்க முடிந்தது 30. வாரத்துக்குப் பன்னிரண்டு ஷிப்ட் துண்டு விழுகிறது. கட்டடம் பெரிதானதால் கவனிப்பு மெலிந்துபோகும் என்பது கேட்க விசித்திரமாக இருக்கும். இந்தப் பன்னிரண்டு ஷிப்ட்டைப் பார்த்தால் அப்படித் தோன்றாது.

பிரசவம் முடிந்த பிறகுதான் ஆபத்தான நேரம் என்பது மருத்துவத்தோடு பழக்கமில்லாதவர்களுக்குத் தெரியாது. குழந்தை பிறந்து, எல்லோரும் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும்போது தாய்க்குச் சத்தமில்லாமல் ரத்தப்போக்கு ஏற்படலாம். அதற்காகத்தான் முதல் இரண்டு மணி நேரம் கால் மணிக்கொரு தரம் நாடி, ரத்த அழுத்தம், கருப்பை இறுகியிருக்கிறதா, துணி எவ்வளவு நனைந்திருக்கிறது என்று பார்க்கச் சொல்கிறார்கள். அதைச் செய்வது எந்தக் கருவியும் இல்லை. ஒரு செவிலியர் வயிற்றின்மேல் கைவைத்து அழுத்திப் பார்ப்பதுதான். அந்தக் கை கீழ்தளத்தில் இன்னொரு பிரசவத்தில் இருந்தால் மேல்தளத்தில் அது இல்லை.

ஆட்களைக் கூட்டுவதில் என்ன சிக்கல்? 2012-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வந்தது. தேர்வு நடத்தி ஆள் எடுக்கும் வேகம் முன்னைவிடக் கூடியது உண்மை. ஆனால் 2015-இல் ஆயிரக்கணக்கில் எடுக்கப்பட்ட செவிலியர்கள் தொகுப்பூதியத்தில் வந்தவர்கள். அப்போது மாதம் 7,700 ரூபாய். இரண்டு ஆண்டில் காலமுறை ஊதியம், அதாவது நிரந்தரப் பணிக்கான சம்பளம், என்ற எதிர்பார்ப்போடு சேர்ந்தார்கள். பலருக்கு அது ஆண்டுக்கணக்கில் இழுத்தது, போராட்டங்கள் நடந்தன. தொகை பிறகு உயர்ந்தது என்றாலும், நிரந்தரம் ஆன செவிலியரும் ஆகாத செவிலியரும் ஒரே வார்டில் ஒரே வேலை செய்கிறார்கள். இடமாறுதல் கலந்தாய்வு வந்தால் சொந்த ஊர்ப் பக்கம் போகத்தான் எல்லோருக்கும் ஆசை. போனவர் இடம் நிரம்பும் வரை மற்றவர்கள் பன்னிரண்டு மணி நேர டூட்டி.

மருத்துவர்கள் கதை வேறு. அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்குப் பட்டமேற்படிப்பில் 50 விழுக்காடு இடஒதுக்கீடு தமிழ்நாட்டில் பழைய ஏற்பாடு. நடுவில் அதற்குச் சட்டச் சிக்கல் வந்து, 2020 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு மாநிலங்களுக்கு அந்த அதிகாரம் உண்டென்று தீர்ப்பளித்தது. கிராமத்துக்கு இளம் மருத்துவர்களை இழுத்துவருவது இந்த ஏற்பாடுதான். இரண்டு மூன்று ஆண்டில் மேற்படிப்புக்கு அனுப்பி வைப்பதும் இதே ஏற்பாடுதான். படித்து நிபுணராகத் திரும்பும்போது அவர் போய்ச் சேருவது பெரும்பாலும் மருத்துவக் கல்லூரிக்கோ மாவட்ட மருத்துவமனைக்கோ. இதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனமில்லை. அந்த வாசல் இல்லாவிட்டால் அந்த இரண்டு மூன்று ஆண்டும் கிடைக்காது.

கட்டடத்தைப் பற்றியே கொஞ்சம் பேச வேண்டும். மேல்தளத்துக்கு லிப்ட் இல்லை, சாய்தளம் உண்டு. சக்கர நாற்காலி போகும் சாய்தளத்துக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பது விதி. பன்னிரண்டு அடி உயரம் ஏற 144 அடி நீளம், இடையில் திரும்புமிடம் வேறு. அந்த வளாகத்தில் அவ்வளவு இடம் எங்கே? ஆகவே செங்குத்தாக ஏறுகிறது. பிரசவித்த பெண்ணை ஸ்ட்ரெச்சரில் வைத்துத் தள்ள இரண்டு ஆள் வேண்டும். ராத்திரியில் இருப்பது ஒரு பணியாளர், அவரும் பெண். நான் வெறும் சக்கர நாற்காலியைத் தள்ளிப் பார்த்தேன், பாதியில் மூச்சு வாங்கியது. தலைமாட்டில் பளபளத்த ஆக்சிஜன் வாய்கள் பின்னால் போய்ச் சேரும் சிலிண்டர் அறைக்கு இன்னும் சிலிண்டர் வரவில்லை. வரைபடம் போட்டவர் ராத்திரி டூட்டிச் செவிலியர் ஒருவரிடம் பத்து நிமிடம் பேசியிருந்தால் வார்டு கீழேயும் அலுவலகமும் கிடங்கும் மேலேயும் போயிருக்கும். கேட்கும் வழக்கம்தான் இல்லை. நல்லதும் உண்டு: பிரசவ அறையோடு ஒட்டிக் கழிப்பறை, பிறந்த குழந்தையைக் கதகதப்பில் வைக்கத் தனி மூலை, உறவினர் ஒருவர் உடனிருக்க மறைப்புத் திரை. 2017-இல் மத்திய அரசு கொண்டுவந்த ‘லக்‌ஷ்யா’ தரத் திட்டம் இவற்றைக் கேட்கத் தொடங்கிய பிறகுதான் வரைபடங்களில் இவை ஏறின. பிரசவத்தின்போது பெண்ணோடு தாயோ மாமியாரோ இருக்கலாம் என்பதைத் தமிழ்நாடு 2004-இலேயே ஆரம்பித்துவிட்டது. அதுவரை கதவுக்கு வெளியே நின்று அழுகைச் சத்தம் கேட்டவர்கள்தான் நம் வீட்டுப் பெரியவர்கள்.

இன்னொரு கேள்வியும் எனக்கு அந்தப் பந்தலிலேயே தோன்றியது. மகப்பேறுக்கு மேலும் ஒரு கட்டடம் இப்போது அவ்வளவு தேவையா? ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி (2019-21) தமிழ்நாட்டில் பிரசவங்களில் 99 விழுக்காட்டுக்கு மேல் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. அதே கணக்கெடுப்பில் சிசேரியன் 44.9 விழுக்காடு, அரசு மருத்துவமனைகளில் 36, தனியாரில் 63.8. கிட்டத்தட்டப் பாதிப் பிரசவம் கத்தியில் முடிகிற மாநிலத்தில், மயக்க மருந்து நிபுணர் இல்லாத வட்டார நிலையத்தைக் குடும்பங்கள் தாண்டிப் போவதில் ஆச்சரியம் இல்லை. 2008-இல் 108 வந்த பிறகு தாண்டிப் போவது எளிதாகவும் ஆகிவிட்டது. குழந்தைகளும் குறைந்துவிட்டார்கள்; அதே கணக்கெடுப்பில் கருவள விகிதம், அதாவது ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகள், 1.8.

அதே வளாகத்தில் கூட்டம் நிற்பது எங்கே? மருந்தாளுநரின் ஜன்னலில். 2020-இல் மாநிலம் நடத்திய தொற்றா நோய் ஆய்வில், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கும் சர்க்கரை நோய் உள்ளவர்களில் 10.8 விழுக்காட்டினருக்கும்தான் நோய் கட்டுக்குள் இருந்தது. மறுஆண்டு ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியதற்கு இப்படிப்பட்ட எண்கள்தான் பின்னணி. மாத்திரை வீட்டுக்கே போகிறது, நல்லது. ஆனால் கண் பரிசோதனை, கால் புண், சிறுநீரகப் பரிசோதனை எல்லாவற்றுக்கும் நோயாளி நிலையத்துக்குத்தான் வர வேண்டும். வந்து நிற்க அவருக்கு இருப்பது பழைய கட்டடத்தின் அதே நான்கடி ஜன்னல். மகப்பேறு என்றால் கோப்பு நகரும், தலைப்பு எடுபடும். ‘சர்க்கரை நோயாளிகள் உட்கார்ந்து காத்திருக்க ஒரு கூடம்’ என்று கேட்டால் எந்த நிதித் தலைப்பில் போடுவது?

இதைச் சொல்வதால் மகப்பேறு வார்டே வேண்டாம் என்று அர்த்தமில்லை. சிக்கலில்லாத பிரசவத்துக்குப் பேருந்து ஏறிப் பெரிய ஊர் போய், வராண்டாவில் பாய் விரித்துக் கிடப்பதைவிட, பக்கத்தில் ஒரு சுத்தமான கட்டில் மேல். 1987-இலிருந்து வரும் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் உதவி, ஊட்டச்சத்துப் பெட்டகத்தின் மதிப்பும் சேர்த்து 18,000 ரூபாய், ஏழை வீட்டுப் பெண்ணை அரசு நிலையத்தோடு கட்டி வைத்திருக்கிறது. ஆனால் முதல் தளத்துப் பன்னிரண்டு கட்டிலும் நிரம்பும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-இல் அமைந்தது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வங்கிப் பாஸ்புத்தகம் மாதிரி ஒரு புத்தகம். அதில் ஆண்டுக்கு இவ்வளவு மதிப்பு என்று வரம்பு. மாவட்டக் கிடங்கில் போய் எடுத்துக்கொள்ள வேண்டும். பிற மாநிலங்கள் வந்து பார்த்துப் போன ஏற்பாடு. கட்டடம் திறந்ததற்காக அந்த வரம்பு தானாக ஏறாது. நோயாளி எண்ணிக்கை ஏறினதைக் காட்டித்தான் ஏற்ற வேண்டும். ஆள் இல்லாமல் நோயாளி ஏறமாட்டார். இப்படி ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன.

இரண்டு மாதம் கழித்து, ஐப்பசி மழையில், அந்தப் பக்கம் போன வேலையோடு எட்டிப் பார்த்தேன். மேல்தளத்துக்குப் பூட்டு. கீழே பிரசவ அறை நடக்கிறது. அதற்கு எதிரே ‘பதிவறை’ என்று எழுதியிருந்த இடத்தில் நான்கு கட்டிலை இறக்கிப் போட்டு அதையே வார்டாக்கியிருந்தார்கள். நடுவில் ஒரு மேசை. யார் உத்தரவு என்று கேட்டேன். “உத்தரவெல்லாம் இல்ல சித்தப்பா, நாங்களே தூக்கிப் போட்டுக்கிட்டோம். டாக்டர் அம்மா பாத்துட்டு ஒண்ணும் சொல்லல.”

அவர்களுக்கு அப்போது இருந்த ஒரே மனக்குறை வேறு. ஆய்வகமும் மருந்தகமும் பழைய கட்டடத்தில். இடையில் நாற்பது தப்படி திறந்த முற்றம். மழையில் ரத்த மாதிரியைப் புடவைத் தலைப்பில் மூடி எடுத்துக்கொண்டு ஓடினார்கள். நோயாளர் நலச் சங்கத்துக்கு ஆண்டுதோறும் ஒரு நிதி வரும். சமுதாய சுகாதார நிலையம் என்றால் 5 லட்சம், ஆரம்ப சுகாதார நிலையம் என்றால் 1.75 லட்சம். சங்கக் கூட்டத்தில் பேசி அதிலிருந்து எடுத்து, இரண்டு கட்டடத்துக்கும் நடுவே தகரக் கூரை போட ஏற்பாடாகியிருந்தது. நான் போன அன்று வெல்டிங் வேலை நடந்துகொண்டிருந்தது. கம்பம் நடக் குழி தோண்டிய இடத்தில் தண்ணீர் தேங்கி, அதன்மேல் ஒரு பலகை போட்டிருந்தார்கள். அந்தப் பலகையில் ஏறித்தான் ஒரு பாட்டி, பேத்தியின் ரிப்போர்ட்டைப் பிளாஸ்டிக் பைக்குள் வைத்துக்கொண்டு, புதுக் கட்டடத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்.